வண்டிக்கு வைத்த பெயர்

எங்கள் ஊரில் ஒரு பெண்ணின் பெயரைக் கேட்டாலே போதும், அவளைப் பெற்றவர்கள் யார் என்று தனியாக விசாரிக்க வேண்டாம். பெயருக்குள்ளேயே இருவரும் உட்கார்ந்திருப்பார்கள். தனிலோவும் ரோசாரியோவும் பெற்றவள் தன்ரோஸ். விக்டரும் ஃப்ளோராவும் பெற்றவள் விக்ஃப்ளோர். ஹெர்மோஹெனெஸ் என்ற மனிதர் குனெகுண்டா என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டு, பிறந்த மகளுக்கு ஹெர்குண்டா என்று பெயர் வைத்தார். அவள் என் வகுப்பில்தான் படித்தாள். அவர்கள் ஆசையாகச் சேர்ந்ததற்குப் பள்ளிக்கூடம் முடியும்வரை தண்டனை அனுபவித்தது அந்தப் பிள்ளை.

பழைய காலத்தில் இப்படி இல்லை. பிள்ளை பிறந்த அன்றைக்கு எந்தப் புனிதருக்குத் திருநாளோ, அந்தப் பெயரைப் பாதிரியார் வைத்துவிடுவார். யாரும் யோசிக்க வேண்டாம், வீட்டில் சண்டையும் வராது. பிறகு நாடு, நாடு என்று எல்லோருக்கும் பெருமை பொங்க ஆரம்பித்தது. லூசோன், விசாயாஸ், மிண்டானாவோ என்று கடலில் சிதறிக் கிடக்கும் எங்கள் நாட்டின் மூன்று பகுதிகளையும் சேர்த்துத் தைத்து, பெண் பிள்ளைகளுக்கு லூஸ்விமிண்டா என்று பெயர் வைத்தார்கள். எனக்குத் தெரிந்து ஆண் பிள்ளைக்கு யாரும் அப்படி வைக்கவில்லை. நாட்டைச் சுமக்கிற வேலையும் பெண்ணுக்குத்தான் போலிருக்கிறது. அப்புறம் நாடு எதற்கு, நம் வீடு போதாதா என்று அவரவர் பெயரையே வெட்டி ஒட்டத் தொடங்கினார்கள்.

என் பெயர் ரோதேலியா. அப்பா ரொஹேலியோ, அம்மா மிலாக்ரோஸ். தம்பி ரோமில், தங்கை மிலாஹெல். இந்தப் பெயர்களை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாலே எது ஒட்டாமல் நிற்கிறது என்று யாருக்கும் தெரிந்துவிடும். எனக்குத்தான் வெகுநாள் தெரியவில்லை.

மூன்றாம் வகுப்பில் எங்கள் டீச்சரின் பெயரே லூஸ்விமிண்டா. அதில் அவளுக்கு ஏகப்பட்ட கர்வம். ஒருநாள் கரும்பலகையில் மூன்று வட்டம் போட்டுத் தன் பெயரைப் பிரித்துக் காட்டினாள். பிறகு எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு அவரவர் பெயரைப் பிரிக்கச் சொன்னாள். என் முறை வந்தது. 'ரோ' என்பதற்குக் கீழே அப்பா என்று எழுதினேன். 'தேலியா' என்பதற்குக் கீழே என்ன எழுதுவது என்று தெரியாமல் சாக்பீஸோடு நின்றேன். அம்மா பேர் என்ன என்று டீச்சர் எடுத்துக்கொடுத்தாள். மிலாக்ரோஸ் என்றேன். அவள் முகம் சட்டென்று மாறியது. அழகான பெயர், போய் உட்கார் என்றாள். பின்னாலிருந்து ஹெர்குண்டா, "டீச்சர், அது ஜீப்னி பேரு" என்றாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன், எனக்கு அது பெருமையாக இருந்தது.

அப்பாவின் ஜீப்னி, ஆள் ஏற்றுகிற நீள ஜீப், எங்கள் ஊருக்கும் இலோயிலோ நகரத்துக்கும் இடையே ஓடியது. அதன் நெற்றியில் மஞ்சள் கரை கட்டிய சிவப்பு எழுத்தில் ரோதேலியா என்று இருக்கும். எங்கள் பக்கத்து டிரைவர்கள் பிள்ளைகள் பெயரை வண்டியில் எழுதுவது வழக்கம். ரோமில், மிலாஹெல் பெயர்களும் இருந்தன, பின்சக்கரத்துச் சேறு தடுக்கிற ரப்பரில், சின்ன எழுத்தில். நெற்றி எனக்கு. அதனால் அப்பாவுக்கு நான்தான் உயிர் என்று ஊரே பேசியது. நானும் அப்படித்தான் நம்பினேன்.

ஸ்டாண்டில் ஆள் ஏற்றுகிறவர்கள் நாள் முழுக்க என் பெயரைக் கூவுவார்கள். ரோதேலியா கிளம்பப் போகுது, ரோதேலியா பாலத்துகிட்ட படுத்துடுச்சு, ரோதேலியாவுக்குப் பின்பக்கம் அடி. நான் வயசுக்கு வந்த பிறகு அங்கே நின்ற இளவட்டங்கள் என்னைப் பார்த்துக்கொண்டே, "ரோதேலியாவுல இன்னும் ரெண்டு பேருக்கு இடமிருக்கு, ஏறுங்க" என்பார்கள். அப்பா ஸ்டியரிங்கில் கை வைத்துக்கொண்டு அவர்களோடு சேர்ந்து சிரிப்பார். நல்ல மனிதர் என்று பெயர் எடுத்தவர். நல்ல மனிதர்களுக்குச் சிரிக்க எப்போதும் நேரம் இருக்கிறது.

அம்மா மட்டும் அந்த வண்டியில் ஏறவே மாட்டாள். டீசல் வாடை தலைவலி தருகிறது என்பாள். அடுத்தவன் வண்டியில் காசு கொடுத்து ஏறிச் சந்தைக்குப் போவாள். அந்த டீசல் தலைவலி தராது போலிருக்கிறது. என்னை அவள் 'இந்தாய்' என்று கூப்பிடுவாள். எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளைகளை எல்லா அம்மாக்களும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், அதனால் அதில் எதுவும் தப்பாகப் படவில்லை. தங்கையை மட்டும் மிலாஹெல் என்று முழுசாகக் கூப்பிட்டது ஏன் என்று நான் யோசிக்கவில்லை.

எனக்குப் பத்தொன்பது வயது. ஊர்த் திருவிழாவுக்கு முன்னால் வண்டிக்குப் பெயிண்ட் அடிக்க விட்டிருந்தார் அப்பா. பெயர் எழுதுகிற பெர்ட்டிங் அண்ணனுக்கு நான் சாப்பாடு கொண்டுபோனேன். பழைய எழுத்தின் மேலேயே அவர் சிவப்பு தடவிக்கொண்டிருந்தார். என் பெயரை இன்னும் கொஞ்சம் பெரிதாகப் போடக்கூடாதா என்று விளையாட்டாகக் கேட்டேன். அவர் பிரஷ்ஷை டப்பாவில் வைத்துவிட்டுச் சிரித்தார்.

"இந்தாய், இதை நான் முதல்ல எழுதுனப்ப நீ உங்கம்மா வயித்துல கூட இல்ல. உங்கம்மாவே இந்த ஊருக்கு வரல."

நான் தெரிந்தவள்போலத் தலையாட்டியதால் மிச்சத்தையும் அவரே சொன்னார். அப்பா கல்யாணத்துக்கு முன்னாலேயே வண்டி வாங்கிவிட்டார். சந்தைக்குப் பின்னால் தையல் கடை வைத்திருந்தவரின் மகள் தேலியாவோடு அப்போது அவருக்கு நிச்சயமாகியிருந்தது. நாளைக்குப் பிறக்கப் போகிற மகளுக்கு வைக்கிற மாதிரி இரண்டு பேரையும் சேர்த்து வண்டிக்கு வைத்தார். தேலியா கடல் தாண்டிப் பாகோலோடுக்குச் சித்தி வீட்டுக்குப் போனவள், அங்கே சர்க்கரை ஆலை ஆபீசில் வேலை பார்த்தவனைக் கட்டிக்கொண்டாள். வருஷம் திரும்புவதற்குள் அப்பா பக்கத்து ஊரிலிருந்து மிலாக்ரோஸைக் கட்டிக்கொண்டு வந்தார். பெயரைச் சுரண்டிவிடட்டுமா என்று பெர்ட்டிங் அண்ணன் கேட்டிருக்கிறார். ஏறுகிறவர்களுக்கு இந்தப் பெயர்தான் பழகிவிட்டது, வேண்டாம் என்றாராம் அப்பா. புதுப் பெண்ணைப் பார்க்கும்போதெல்லாம் ஊர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததாம்.

"அப்புறம் நீ பொறந்த. அதே பேரை உனக்கு வச்சுட்டாரு. மக பேரைத்தான் வண்டியில போட்டிருக்கான்னு ஆயிடுச்சு. ஊர் வாய் அடைஞ்சுது. உன்னாலதான் எல்லாம் சரியாச்சு."

அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். நான் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு நடந்தேன். மற்ற வீடுகளில் மகளின் பெயரை வண்டிக்கு வைப்பார்கள். எங்கள் வீட்டில் வண்டியின் பெயரை மகளுக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு மனிதர் தன் பழைய காதலைச் சுரண்டி எடுக்க மனமில்லாமல், அதை மூடுவதற்கு என்னைப் பெற்றிருக்கிறார்.

அம்மா பின்கட்டில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். என் பெயர் யாருடையது என்று கேட்டேன். அவள் கை நிற்கவில்லை. பெர்ட்டிங்கிட்ட போனியா என்றாள். இத்தனை வருஷமும் அவள் இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தாள் என்று எனக்கு அப்போது புரிந்தது.

ரோமிலா என்று வைக்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டிருக்கிறாள். பிரசவத்துக்குப் பிறகு காய்ச்சலில் கிடந்தபோது, என்னை மடியில் போட்டுக்கொண்டு மிலா, மிலா என்று கொஞ்சியிருக்கிறாள். அப்பாதான் நகராட்சி ஆபீசுக்குப் போய்ப் பதிவு செய்தார். திரும்பி வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று பெயரைச் சொன்னாராம். சொல்லிவிட்டு வெளியே போய் வண்டியைத் துடைத்தாராம்.

"நீ ஏன்மா ஒண்ணும் கேக்கல?"

"கேட்டா பதில் சொல்லுவாரு. அதையும் நான் காதால கேக்கணுமா?" துருவலைக் கிண்ணத்தில் தட்டினாள். "ஒண்ணு மட்டும் செஞ்சேன். இன்னிக்கு வரைக்கும் அவ பேரு என் வாயில வந்ததில்ல."

"அது என் பேரும்மா."

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "உனக்கு நான் சோறு போடலையா? காய்ச்சல்னா பக்கத்துல உக்காரலையா? மத்த ரெண்டுக்கும் செஞ்சதுல உனக்கு எதைக் குறைச்சேன்?"

எதையும் குறைக்கவில்லை. மீனில் நடுத்துண்டு எனக்குத்தான் வந்தது. பள்ளிக்கூடச் சீருடையை அவள்தான் தைத்தாள். சொல்லப்போனால் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே செய்தாள், யாரும் கைநீட்டிக் குறை சொல்லிவிடக் கூடாது என்பதுபோல.

அன்றிலிருந்து எனக்கு ஒரே ஆசைதான் இருந்தது. அம்மா ஒருமுறை, ஒரே ஒருமுறை என் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். பெயரை மாற்றிக்கொள்வதுதானே என்று புத்தி சொன்னவர்கள் உண்டு. மாற்றிவிட்டால் அவள் வேறு எவளையோ கூப்பிடுகிற மாதிரி ஆகிவிடும். எனக்கு இந்தப் பெயர்தான் வேண்டும், அவள் வாயால் வேண்டும். இது பைத்தியக்காரத்தனம் என்று எனக்கும் தெரியும்.

கல்லூரிப் பட்டமளிப்பில் பெற்றவர்கள்தான் மேடையேறிப் பிள்ளைக்குப் பதக்கம் குத்துவார்கள். என் பெயரை ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அம்மா ஏறி வந்து குத்திவிட்டு, நல்லாப் படிச்ச இந்தாய் என்றாள். ஒருமுறை டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தேன். நர்ஸ் நோயாளி பெயரைக் கேட்டபோது அம்மா பக்கத்தில் நின்ற ரோமிலைப் பார்த்தாள், அவன் சொன்னான். கண்ணை மூடிப் படுத்திருந்த நான் இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அப்பாவோ நாளைக்கு நூறு தடவை ரோதேலியா, ரோதேலியா என்பார். கூப்பிடுவது என்னையா, வண்டியையா, பாகோலோடில் இருப்பவளையா என்று எனக்குத் தெரியாது. அவருக்கே தெரிந்திருக்குமா என்பதும் சந்தேகம்.

ரோமில் சவூதிக்குப் போனான். மிலாஹெல் கனடாவில் கிழவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனாள். நான் ஊரிலேயே மருந்துக்கடை வேலையோடு நின்றேன். அம்மாவுக்கு மூட்டு போனது. குளிப்பாட்டுவது, தைலம் தேய்ப்பது, தேவாலயத்துக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போவது எல்லாம் நான்தான். யாராவது பிள்ளைகளைப் பற்றி விசாரித்தால், ரோமில் அங்கே இருக்கான், மிலாஹெல் இங்கே இருக்கா என்று பெருமையாகச் சொல்வாள். என்னைப் பற்றிக் கேட்டால், "இவதான் கூடவே இருக்காளே" என்பாள். முதுகு தேய்க்கும்போது அந்த வார்த்தையே போதும் என்று சில நாள் தோன்றும். மறுநாள் போதாது.

போன மழைக்காலத்தில் அப்பா ஸ்டாண்டில் ஸ்டியரிங் மேலேயே சாய்ந்து போய்விட்டார். தம்பியும் தங்கையும் வந்து சேரும்வரை உடலை வீட்டுக் கூடத்தில் வைத்துக் காத்தோம். வண்டியை வாசலில் நிறுத்தி, நெற்றிப் பலகையின் குறுக்கே கறுப்புத் துணி கட்டினார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் கோழிக்கஞ்சி வைத்தார்கள். இரவு விழித்திருக்க வந்தவர்களின் சீட்டாட்டம் ஓயாமல் நடந்தது. அம்மா பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு சாவு வீட்டுச் சட்டங்களை ஒன்று விடாமல் காவல் காத்தாள். கூட்டிப் பெருக்கக் கூடாது. பெட்டிக் கண்ணாடியில் கண்ணீர் விழக் கூடாது. வந்தவர்களுக்கு நன்றி சொல்லக் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியமாக, போகிறவர்களை வீட்டுக்காரர்கள் வாசல்வரை கொண்டுபோய் விடக் கூடாது. விட்டால் சாவு அந்த வழியைப் பிடித்துத் திரும்பி வரும்.

பாலைவனத்தில் இருந்து வந்த ரோமில் இதை மறந்துவிட்டான். பழைய சிநேகிதனோடு பேசிக்கொண்டே கேட் பக்கம் நடந்தான். அம்மா அவன் சட்டையை எட்டிப் பிடித்தாள்.

"உக்காருடா. இன்னொரு சாவுக்கு வழி காட்டுறியா?"

வெளியாள் யார் வேண்டுமானாலும் போகட்டும், இந்த வீட்டு ரத்தம் போகக் கூடாது என்றாள். அவன் அசடு வழிய உட்கார்ந்தான். அவன் சட்டையைப் பிடித்த அந்தக் கையை நான் பொறாமையோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடக்கத்துக்கு முந்தின நாள் மதியம் வாசலில் ஒரு அம்மாள் வாடகை ட்ரைசிகிளிலிருந்து இறங்கினாள். நல்ல செருப்பு, சாயம் போட்ட தலைமுடி, கையில் பூப்போட்ட குடை. நேராக உள்ளே வரவில்லை. வண்டிக்கு முன்னால் போய் நின்று, கறுப்புத் துணியை விரலால் தூக்கிப் பெயரைப் படித்தாள். கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டாள். நான் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் சொல்லாமலே யார் என்று தெரிந்துவிட்டது.

உள்ளே வந்து பெட்டியைப் பார்த்துச் சிலுவை போட்டாள். பெரிய துக்கம் ஒன்றும் முகத்தில் இல்லை. நான் காபி கொடுத்தேன். கோப்பையை வாங்காமல் என் முகத்தையே பார்த்தாள்.

"நீதான் ரோதேலியாவா?"

ஆமாம் என்றேன்.

"ரோதேலியா." கன்னத்தில் கை வைத்தாள். "ரோதேலியா. எத்தனை வருஷமா பாக்கணும்னு இருந்தேன் தெரியுமா. எனக்கு மூணும் பசங்க."

அவளை நான் வெறுத்திருக்க வேண்டும். தன் பெயரைப் பார்க்கத்தான் அவள் கப்பலேறி வந்திருக்கிறாள், அப்பாவை வழியனுப்ப அல்ல என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. அடுத்தவர் கொல்லையில் தான் நட்ட மாமரம் காய்த்திருக்கிறதா என்று பார்க்க வந்தவள் மாதிரி என்னைத் தடவிப் பார்த்தாள். ஆனால் அம்மா வயதில் ஒரு பெண், அம்மாவின் வீட்டில் நின்று, அவ்வளவு மெதுவாக என் பெயரைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. அப்பாவுக்காக ஒரு சொட்டு விடாத நான் அவள் தோளில் முகத்தை வைத்து அழுதேன். அவள் என் முதுகைத் தட்டிக்கொண்டு பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். இன்னும் சொல்லட்டும் என்றுதான் இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது, கோபமாகவும் இருக்கிறது.

தலையை நிமிர்த்தியபோது சீட்டாட்டம் நின்றிருந்தது. அம்மா பெட்டிக்குப் பக்கத்திலிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தேலியா அவளிடம் போய்க் குனிந்து ஆறுதல் சொன்னாள். அம்மா கை கொடுத்தாள். கப்பல் நேரத்துக்குக் கிடைக்குமா, அலை அதிகமா என்று மரியாதையாக விசாரித்தாள். அவள் விடைபெற்றுத் திரும்பியதும் அம்மா என் பக்கம் பார்த்தாள்.

"ரோதேலியா" என்றாள்.

தடுமாறவில்லை. தினமும் சொல்லிப் பழகினவள் மாதிரி அவ்வளவு திருத்தமாக வந்தது. அந்தக் குரலில் என் பெயர் எவ்வளவு அழகாக இருந்தது என்று எப்படிச் சொல்வேன். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, எல்லாம் கிடைத்துவிட்டது என்று நின்றேன்.

"ரோதேலியா, உன் விருந்தாளியைக் கேட் வரைக்கும் கொண்டுபோய் விடு."

ரோமில் பாதி எழுந்துவிட்டான். "அம்மா, வீட்டுக்காரங்க போகக் கூடாதுன்னு நீதானே சொன்ன?"

"ஆமா" என்றாள் அம்மா. "வீட்டுக்காரங்க போகக் கூடாது."

மிலாஹெல் தரையைப் பார்த்தாள். தேலியாவுக்கே பயம் வந்துவிட்டது. வேண்டாம், நானே போய்க்கிறேன் என்று இரண்டு தடவை சொன்னாள். நான் அவள் குடையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தேன்.

கேட்டுக்கு அதிக தூரம் இல்லை. கறுப்புத் துணி விலகிய பலகையைத் தாண்டித்தான் போக வேண்டும். என்னால் முடிந்த அளவு மெதுவாக நடந்தேன். பின்னாலிருந்து 'இந்தாய்' என்று ஒரு சத்தம் வந்தால் குடையைக் கீழே போட்டுவிட்டு ஓடியிருப்பேன். கேட்டின் கொண்டியில் கை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் காத்திருந்தேன். அம்மா கூப்பிடவில்லை.